மறுபடி எடுக்க முடியாத படம்

ஹார்ட் டிஸ்க் செத்துப்போனால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று, என்னிடம் வேலை பழகிய நீங்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன். "கையை எடு." நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். எனக்கு விடைகொடுத்த அன்று உங்களில் ஒருவர் எழுந்து, "ஜெரோம் அண்ணன் பதறி நான் பார்த்ததே இல்லை" என்று பேசினார். எல்லோரும் கை தட்டினீர்கள். மறுத்துச் சொல்ல அன்று வாய் வரவில்லை. மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் பதறியிருக்கிறேன். ஒரு காலைப்பொழுது, நாற்பது நிமிடம். அதற்குப் பிறகு நீங்கள் பார்த்த ஜெரோம், அந்த நாற்பது நிமிடத்துக்குப் பயந்து நடந்த மனிதன். அதை எழுதிக் கொடுத்துவிட்டால், நான் சொன்ன பதிலுக்குக் காரணமாவது உங்களிடம் இருக்கும்.

நம் தீவில் லம்பா லைன் போகிற வழியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் ஒரு ஸ்கேன் சென்டர் இருந்தது. நடத்தியவர் ஒரு பெங்காலி டாக்டரம்மா. ஸ்கேன் எடுப்பதும் அவர், ரிப்போர்ட் எழுதுவதும் அவர். முன்னால் ஒரு பெண் ரிசப்ஷனில் இருப்பாள். அவ்வளவுதான் சென்டர். டாக்டரம்மாவும் நானும் ஹிந்தியில்தான் பேசிக்கொள்வோம். இங்கே அவர் சொன்னதைப் பெரும்பாலும் தமிழிலேயே எழுதுகிறேன்.

அங்கே சர்வர் வைத்துக் கொடுத்தது நான். ஸ்கேன் மெஷினிலிருந்து படங்கள் அதில் வந்து சேரும். ரிப்போர்ட்டுகள் தனியாக எழுத்தாகச் சேரும். பேக்கப் ஏற்பாடும் என்னுடையதுதான். மாலையில் சென்டர் மூடும்போது எல்லாம் ஒரு வெளி டிஸ்கில் பிரதியாகும். அப்படி இரண்டு டிஸ்க், ஒன்று மாற்றி ஒன்று. ஒன்று சென்டரில் இருந்தால் மற்றது ரிசப்ஷன் பெண்ணின் வீட்டில் இருக்கும். காலையில் என் போனுக்கு ஒரு மெயில் வரும், பச்சை நிறத்தில், "வெற்றி" என்று. மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரில் போய், பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை மீட்டுத் திறந்து பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போடுவேன். நம் ஊரில் இதைச் செய்தவர்கள் குறைவு. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நான் மீட்டுப் பார்த்த ஃபைல் எது தெரியுமா? ரிசப்ஷன் பெண்ணின் லீவு லிஸ்ட். ஒவ்வொரு முறையும் அதே ஃபைல். சிறியது, சட்டென்று திறக்கும், எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். அவள் எத்தனை நாள் லீவு எடுத்தாள் என்பதைத் தவிர அந்தச் சோதனை எனக்கு எதையும் சொல்லவில்லை.

ஒரு வருடம் போல ஆன பிறகு ஒரு நாள் சர்வரில் இடம் நிறைந்துவிட்டது. ஸ்கேன் மெஷின் படத்தை ஏற்க மாட்டேன் என்கிறது, வெளியே கர்ப்பிணிகள் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போய்ப் புது டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, இனி படங்கள் அதில் போகட்டும் என்று மாற்றிவிட்டு வந்தேன். பழைய படங்கள் பழைய இடத்தில், புதுப் படங்கள் புது இடத்தில். அந்தப் புது இடத்தைப் பேக்கப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நாளை சேர்க்கலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஒரு ஹோட்டலில் கம்ப்யூட்டர் நின்றுபோனது, அங்கே ஓடினேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்வது சுலபம். நான் மறக்கவில்லை. இரண்டு மூன்று தடவை நினைவு வந்தது, ஒரு தடவை ஸ்கூட்டரில் அந்தக் கட்டிடத்தைத் தாண்டும்போதே வந்தது. ஆனால் காலையில் பச்சை மெயில் வந்துகொண்டே இருந்தது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை நிறுத்தாமல் போய்விட்டேன். மெயில் பொய் சொல்லவில்லை. நான் எதைப் பிரதி எடுக்கச் சொன்னேனோ அதை ஒழுங்காக எடுத்தது. சொல்லாததைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அத்தனை நாள் படங்களும் ஒரே ஒரு டிஸ்கில் இருந்தன.

ஒரு நாள் காலை கரண்ட் போய் வந்தது. நம் ஊரில் அது ஒரு செய்தியே இல்லை. ஆனால் அன்று சர்வர் எழுந்தபோது நான் பொருத்திய அந்தப் புது டிஸ்க் எழவில்லை. டாக்டரம்மா போன் செய்தார். பத்து நிமிடத்தில் போய்விட்டேன்.

ஹால் நிறைய ஆட்கள். அதில் ஒரு பெரியவர், மத்தியானம் ஃபிளைட்டில் மெயின்லேண்ட் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர். போன மாதம் எடுத்த ஸ்கேன் படங்களைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அவருடைய மகன் ரிசப்ஷன் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, ஹிந்தியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். டாக்டரம்மா கதவைப் பாதி திறந்து, "ஜெரோம் பாய், ஜல்தி. இவங்க ஃபிளைட் போயிடும்" என்றார்.

சர்வர் அறை ஒரு அலமாரி அளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அந்தச் சத்தம் கேட்டது. டிக்... டிக்... டிக். டிஸ்கின் உள்ளே தகவலைப் படிக்கிற முள் இடம் கிடைக்காமல் தட்டுகிற சத்தம். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கே பாடம் எடுத்திருக்கிறேன். அந்தச் சத்தம் கேட்டால் கரண்டைப் பிடுங்கிவிட்டு, டிஸ்கைக் கழற்றி, அதைத் தூசியில்லாத அறையில் திறக்கத் தெரிந்தவர்களுக்கு அனுப்ப வேண்டும். வேறு எதுவும் செய்யக் கூடாது.

அப்போதுதான் பேக்கப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த டிஸ்க் அதில் இல்லை.

அதன் பிறகு நான் செய்தது எதுவும் அந்தப் பெரியவருக்காக இல்லை, டாக்டரம்மாவுக்காகவும் இல்லை. நான் செய்த தப்பு வெளியே தெரிவதற்கு முன்னால் அந்த டிஸ்கை எழுப்பிவிட வேண்டும். மனதில் அது ஒன்றுதான் இருந்தது. அணைத்தேன், போட்டேன். மறுபடி அணைத்தேன், போட்டேன். வயரை மாற்றினேன். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ டிஸ்க் ஒரு கணம் தெரிந்தது. பேர் வந்தது. ஃபோல்டர்கள் வரவில்லை. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நான் டிஸ்கைப் பழுது பார்க்கும் புரோகிராமை ஓட விட்டேன்.

ஒரு சதவீதம். இரண்டு. ஐந்து. வெளியே அந்த மகனின் குரல். ஒன்பது. பதினொன்றில் டிக் சத்தம் நின்று, வேறு சத்தம் வந்தது. சிமென்ட் தரையில் தகரத்தை இழுப்பது போல. அதுவும் நின்றது.

நாற்பது நிமிடம் கழித்து நான் வெளியே வந்தபோது ஹால் அமைதியாக இருந்தது. அந்தப் பெரியவரைக் காணோம். ஃபிளைட்டைத் தவறவிட்டுத் திரும்பிவிட்டாரா என்று ரிசப்ஷனில் கேட்டேன்.

"இல்லை ஜெரோம் பாய். மேடம் அவருக்கு மறுபடி ஸ்கேன் எடுத்துக் கொடுத்துட்டாங்க. இருபது நிமிஷத்துல போயிட்டாரு."

இதை நீங்கள் மெதுவாகப் படிக்க வேண்டும். எந்த அவசரத்தைச் சாக்காகச் சொல்லி நான் அந்த டிஸ்கைக் கொன்றேனோ, அந்த அவசரம் இருபது நிமிடத்தில் வேறு வழியில் தீர்ந்துவிட்டது. உயிரோடு இருக்கிற மனிதரை மறுபடி ஸ்கேன் எடுக்கலாம். உள்ளே போவதற்கு முன் ஹாலில் நின்று, எது மறுபடி கிடைக்கும், எது கிடைக்காது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன்.

டாக்டரம்மாவிடம் அன்றே சொன்னேன். முழுவதும் சொன்னேனா என்றால், இல்லை. டிஸ்க் உடைந்துவிட்டது, ரிப்போர்ட் எழுத்தெல்லாம் பத்திரமாக இருக்கிறது, படங்களை மெயின்லேண்டுக்கு அனுப்பி மீட்கப் பார்க்கலாம் என்றேன். பேக்கப்பில் அந்த டிஸ்க் இல்லை என்பதையும், பழுது பார்க்கிறேன் என்று நானே கெடுத்ததையும் சொல்லவில்லை. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு, "கேட்கிறவர்களிடம் சிஸ்டம் பந்த், வேலை செய்யவில்லை என்று சொல்லச் சொல்கிறேன்" என்றார்.

மறுநாள் சென்னையில் டிஸ்க் மீட்கும் ஓரிடத்துக்குப் போன் செய்தேன். பேசியவர் ஒரு பெண். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. டிஸ்கின் விவரங்களைக் குறித்துக்கொண்டு, "சத்தம் வந்த பிறகு எத்தனை தடவை ஆன் பண்ணீங்க சார்?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவை."

அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"சார், நீங்க சொல்றதை வெச்சுத்தான் அதை எப்படித் திறக்கறதுன்னு நாங்க முடிவு பண்ணுவோம். உங்களைத் திட்டறதுக்குக் கேக்கலை."

"ஏழு தடவை இருக்கும்மா. ரிப்பேர் புரோகிராமும் ஓட்டினேன். பதினொரு சதவீதம்."

"சரி சார். இனிமே தொடாதீங்க. அனுப்பி வைங்க."

என்னிடம் முதல் முறையாக உண்மையை வாங்கியவர், முகம் தெரியாத அந்தப் பெண்தான்.

டிஸ்க் விமானத்தில் போனது. வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில் நான் சென்டருக்கு அடிக்கடி போனேன், செய்வதற்கு வேலை இல்லாவிட்டாலும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை ரிசப்ஷனுக்குப் பின்னால் உட்கார்ந்து ஏதோ வயரைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பெண்ணின் குரல் தமிழில் கேட்டது.

"இன்னைக்காவது சிஸ்டம் வந்துருச்சுங்களா?"

ரிசப்ஷன் பெண்ணுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். "நஹி தீதி, இன்னும் பந்த்தான். அடுத்த வாரம் வாங்க" என்றாள்.

"போன வாரமும் அப்படித்தானே சொன்னீங்க."

எழுந்து பார்த்தேன். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். பேர் யோகேஸ்வரி. அவருடைய தாத்தா காலத்தில் இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் வேலைக்குக் கொண்டுவரப்பட்ட குடும்பம். இப்போது கடலுக்கு அக்கரையில் பம்பூஃப்ளாட்டில் வாடகை வீடு. ஒவ்வொரு தடவையும் சாத்தத்துக்கு ஃபெர்ரியில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது நான் கேட்டது ஒன்றுதான்.

"என்னம்மா வேணும்? எந்த ரிப்போர்ட்?"

"ரிப்போர்ட் இல்லண்ணே. படம்."

கவருக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். லேமினேஷன் செய்த ஒரு சின்னத் தாள். முழுவதும் கருப்பு. ஓரம் முதல் ஓரம் வரை, கண்ணாடி போல மின்னுகிற கருப்பு.

ஸ்கேன் படம் வருகிற தாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சூடு பட்டால் கருக்கிற தாள். அந்தச் சூட்டில்தான் படமே அதில் விழுகிறது. நம் ஊர் ஈரத்தில் சும்மா வைத்தாலே மங்கிப்போகும். அது மங்கிப்போகக் கூடாதே என்று அவர் லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

"மெஷினுக்குள்ள போகும்போது பார்த்தேன். வெளிய வரும்போது இப்படி வந்துச்சு. கடைக்காரருக்கும் தெரியலண்ணே, அவரு மேல குத்தம் இல்ல. நான்தான் கொடுத்தேன்." தாளின் மேல் விரலால் ஒரு தடவை துடைத்தார், தூசி ஒட்டியிருப்பது போல. "கம்ப்யூட்டர்ல இருக்கும்தானே? இன்னொண்ணு போட்டுக் கொடுத்தாப் போதும்."

"மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தா..." என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தப் பெரியவருக்கு நடந்தது மனதில் இருந்தது.

"புள்ள இல்லண்ணே," என்றார். "எட்டாம் மாசத்துல தவறிப்போச்சு."

ரிசப்ஷன் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். யோகேஸ்வரி தாளைத் திரும்பக் கவருக்குள் வைத்து, "அடுத்த செவ்வாக்கிழமை வாறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

நான் அப்படியே நின்றேன். பத்து நிமிடம் இருக்கும். அவர் போய்விட்டார், அடுத்த வாரமும் "சிஸ்டம் பந்த்" என்றால் திரும்பிப் போவார், நாலைந்து தடவைக்குப் பிறகு வராமல் நின்றுவிடுவார். யாரும் என்னை எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் அவர் "நான்தான் கொடுத்தேன்" என்று சொன்னாரே. அந்தப் படத்தைக் கெடுத்தது தான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போகிறார். நான் வாயைத் திறக்காத வரைக்கும் அவருக்கு அதுதான் உண்மை.

ஸ்கூட்டரை எடுத்தேன். சாத்தம் படகு ஜெட்டியில் ஃபெர்ரி வந்து நின்றிருந்தது. வண்டிகள் முதலில் ஏறிக்கொண்டிருந்தன, ஆட்கள் ஓரமாகக் காத்திருந்தார்கள். அவரை நிழலில் பார்த்தேன்.

"அம்மா, ஒரு நிமிஷம். அங்கே கம்ப்யூட்டர் வேலை பாக்குறவன் நான்."

"சரி ஆயிருச்சா அண்ணே?" முகம் அப்படி மலர்ந்தது. அதை நான் மறக்க முடியாது.

"இல்ல. சிஸ்டம் பந்த்னு உங்ககிட்ட சொன்னது பொய். படம் இருந்த டிஸ்க் உடைஞ்சு போச்சு. அதுக்கு இன்னொரு பிரதி இருந்திருக்கணும். வைக்க வேண்டியவன் நான், வைக்கல. உடைஞ்ச அன்னைக்கும் அதைத் தொடாம விட்டிருந்தா எடுத்திருக்கலாம். நான் தொட்டுத் தொட்டுக் கெடுத்துட்டேன். மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கு. வந்தா வரும். வராமலும் போகலாம்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஃபெர்ரியில் சங்கு ஊதினார்கள். ஆட்கள் ஏறத் தொடங்கினார்கள். அவர் நகரவில்லை.

"அப்போ... நான் மட்டும் இல்லையா?"

"இல்லம்மா. உங்க தாள் கருத்தாலும் இங்கே இருந்திருக்கணும். அதுக்குத்தான் எங்களை வெச்சிருக்காங்க."

ஃபெர்ரி போய்விட்டது. நாங்கள் ஒரு சிமென்ட் கட்டையில் உட்கார்ந்தோம். அவர்தான் பேசினார். கணவர் தியாகராஜன், தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிற கிரீசர். தெற்குக் கடைசியில் இருக்கிற காம்பல் பே வரைக்கும் போய்வருகிற கப்பல். ஸ்கேன் எடுத்த அன்று அவர் கடலில். குழந்தை தவறிய அன்றும் கடலில். காற்று பலமாக இருந்ததால் கப்பல் இரண்டு நாள் தாமதம். வந்து சேரும்போது அடக்கம் முடிந்திருந்தது.

"மூடித்தான் கொடுத்தாங்க. எங்க அண்ணன்தான் வாங்கிட்டுப் போனாரு. போட்டோ எடுக்கணும்னு யாருக்கும் தோணல. நான் ஸ்கேன்ல பார்த்தேன், அது போதும் எனக்கு. அவருதான் பார்க்கவே இல்ல." கவரை மடியில் திருப்பித் திருப்பி வைத்தார். "அவரு வர்றதுக்குள்ள நல்லாப் பண்ணி, சட்டம் போட்டு வைப்போம்னுதான் லேமினேஷனுக்குப் போனேன்."

அடுத்த ஃபெர்ரி வந்தபோது எழுந்தார். "உங்க மேல கோபப்படணும்னு தெரியுதுண்ணே. இப்ப வரல. வரும்." நான் தலையாட்டினேன். ஏறிப் போய்விட்டார்.

சென்டருக்குத் திரும்பி டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கப் பட்டியலில் சேர்க்காதது, ஏழு தடவை, பதினொரு சதவீதம், ஜெட்டி. அவர் முதலில் கேட்டது, "என்னைக் கேட்காமல் அந்தப் பெண்ணிடம் ஏன் சொன்னாய்?" நியாயமான கேள்வி. அது அவருடைய சென்டர், அவருடைய பெயர். உங்களிடமும் நான் இதையே சொல்வேன்: முதலில் சொல்ல வேண்டியது உரிமையாளரிடம், அதுவும் முதல் நாளே. நான் அதைத் தப்பான வரிசையில் செய்தேன். முதல் நாளே முழுவதும் சொல்லியிருந்தால், அந்தப் பெண் பொய்யைக் கேட்டுக்கொண்டு இத்தனை செவ்வாய்க்கிழமைகள் கடல் கடந்து வந்திருக்க மாட்டார்.

இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து, ரிப்போர்ட்டுகளின் பட்டியலைத் திரையில் கொண்டுவரச் சொன்னார். அந்த ஒரு வருடத்துப் பேர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து, இவருக்கு மறுபடி எடுக்கலாம், இவருக்கு எடுக்கலாம் என்று தாண்டிக்கொண்டே வந்தார். சில பேர்களில் நின்றார். இறந்துபோனவர்கள். கட்டி எடுத்துவிட்டதால் பழைய நிலை இனி தெரியாதவர்கள். குழந்தை தங்காத இன்னும் இரண்டு பெண்கள். அந்தப் பேர்களை ஒரு தாளில் எழுதி, அடுத்த நாட்களில் அவரே ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். நான் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றார். கேட்டேன். சிலர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர் பேசாமல் போனை வைத்துவிட்டார். நான் பெற்ற பயிற்சிகளில் அதைவிடப் பெரியது வேறில்லை.

அதன் பிறகுதான் நீங்கள் என்னிடம் பார்த்துப் பழகிய வழக்கங்கள் எல்லாம் வந்தன. எந்த ஃபைலை மீட்டுப் பார்ப்பது என்று நான் தேர்ந்தெடுக்க மாட்டேன், அங்கே வேலை செய்கிற யாரையாவது "போன வாரம் ஏதாவது ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்பேன். புது டிஸ்க் பொருத்தினால், அது பேக்கப்பில் வந்து, அதிலிருந்து ஒரு ஃபைலை மீட்டுத் திறந்து பார்க்கிற வரைக்கும் அந்தக் கட்டிடத்தை விட்டு இறங்க மாட்டேன். ஒரு பிரதி தீவுக்கு வெளியே இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்களிடம் சண்டை போடுவேன். நெட் மெதுவாக இருக்கிறது என்பார்கள். மெதுவாகவே போகட்டும் என்பேன். புது வாடிக்கையாளரிடம் முதல் நாள் நான் கேட்பது சர்வரைப் பற்றி இல்லை. "உங்ககிட்ட இருக்கிறதுல, போனா மறுபடி உண்டாக்க முடியாதது எது?" ஆச்சரியமாக, நிறையப் பேர் அதற்குப் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வார்கள். காத்திருங்கள். பதில் வந்த பிறகு வேலையை ஆரம்பியுங்கள்.

ஏழாவது வாரம் சென்னையிலிருந்து ஒரு டிஸ்க் வந்தது. மீட்டதை எல்லாம் அதில் போட்டிருந்தார்கள். பாதிக்கு மேல் திறந்தது. யோகேஸ்வரி பேரில் நாலு படங்கள் இருந்தன. மூன்றில் எதுவும் இல்லை, பேர் மட்டும். நாலாவதைத் திறந்தேன்.

மேலே சென்டரின் பேர். அதன் கீழே யோகேஸ்வரி என்று ஆங்கிலத்தில். தேதி, நேரம், காலை பத்து நாற்பத்திரண்டு. அதற்குக் கீழே ஸ்கேன் படம் விரியத் தொடங்குகிற இடத்தில் வெள்ளையாக ஒரு சின்ன வளைவு. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கடைசி வரை ஒரே சாம்பல் நிறம்.

போன் செய்தேன். அதே பெண்தான் எடுத்தார். நன்றி சொல்லிவிட்டு, "முதல் தடவை சத்தம் கேட்டதும் ஆஃப் பண்ணி அனுப்பியிருந்தா?" என்றேன்.

"அதை ஏன் சார் கேக்கறீங்க."

"தெரிஞ்சுக்கணும்மா."

"வந்திருக்கும் சார்," என்றார்.

அந்தப் பாதிப் படத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டரம்மா, "அது நாம் முடிவு செய்கிற விஷயம் இல்லை. கேள்" என்றார். யோகேஸ்வரிக்குப் போன் செய்து, இவ்வளவுதான் வந்திருக்கிறது, பார்த்தால் வருத்தமாக இருக்கும் என்று சொன்னேன். கணவர் கரையில் இருக்கிறார், இருவரும் வருகிறோம் என்றார்.

சனிக்கிழமை முற்பகல் வந்தார்கள். தியாகராஜன் உயரமான ஆள். நகக்கண்களில் இன்ஜின் ஆயில் ஊறி அப்படியே நின்றுபோன கைகள். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார், அதற்கு மேல் என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரம்மா அவர்களை ஸ்கேன் அறைக்குள் கூட்டிப்போய், பெரிய திரையில் அந்தப் படத்தைப் போடச் சொன்னார். போட்டேன். வெளியே போகப் பார்த்தேன். டாக்டரம்மா, "இரு" என்றார்.

யோகேஸ்வரி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். சாம்பல் நிறத்தின் மேல் விரலை வைத்தார். "இங்கனதான் தலை," என்றார் கணவரிடம். "இப்படிச் சாஞ்சு இருந்துச்சு. இது முதுகு. இப்படியே வளைஞ்சு வரும், மணி மணியா, கோத்து வெச்ச மாதிரி. காலை மடக்கி வெச்சிருந்துச்சு. கை இங்க, கன்னத்துக்கிட்ட."

விரல் போன இடமெல்லாம் தியாகராஜனின் கண் போனது. சாம்பலைத் தவிர அங்கே எதுவும் இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ பெருசு இருந்துச்சு?" என்று கேட்டார்.

யோகேஸ்வரிக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. திரையில் பார்த்ததை வைத்து எப்படிச் சொல்வது? டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. நான் ஹிந்தியில் சொன்னேன். அவர் உடனே பக்கத்துக் கம்ப்யூட்டரில் அன்றைய ரிப்போர்ட்டைத் திறந்தார். எழுத்தும் எண்களும் மட்டும் உள்ள ரிப்போர்ட். அதைப் பார்த்து, தியாகராஜனுக்குப் புரிகிற ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்.

"அன்றைக்குத் தலையின் அகலம், இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு, ஏழு சென்டிமீட்டர்."

"எழுபது எம்.எம்.மா?" என்றார் அவர். இன்ஜின் ரூம் ஆளுக்கு அந்த அளவுதான் கைக்குப் பழக்கம்.

"ஆமாம். எழுபது."

அவர் வலது கையைத் தூக்கி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் குறைத்தார். டாக்டரம்மா மேசையிலிருந்து ஸ்கேலை எடுத்து அந்த விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார்.

"சரியாக இருக்கிறது," என்றார்.

யோகேஸ்வரி தன் உள்ளங்கையை அந்த இரண்டு விரல்களுக்கும் அடியில் கொண்டுவந்து ஏந்திக்கொண்டார். தியாகராஜனின் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. விரல்கள் மட்டும் அசையாமல், அந்த அளவிலேயே நின்றன.

அவர்கள் போகும்போது நான் கதவைத் திறந்து பிடித்தேன். யோகேஸ்வரி கையில் ரிப்போர்ட்டும், அந்தப் பாதிப் படத்தின் பிரதியும் இருந்தன. தியாகராஜன் படியிறங்கினார், இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு. வலது கை நெஞ்சுக்கு நேராக இருந்தது. விரல்களை அவர் இன்னும் மூடவில்லை.